கேள்வி எத்தனை என்பதோடு நிறுத்தலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலூர், சிதம்பரம், புதுச்சேரி எம்.பி.க்களின் வருகை சதவீதம், கேட்ட கேள்விகள், பங்கேற்ற விவாதங்கள் ஆகியவற்றைப் பட்டியல் போட்டு மதிப்பெண்ணும் கொடுத்திருந்தீர்கள். அமைச்சர் பதவியோ கட்சிப் பொறுப்போ இல்லாமல் பின்வரிசையில் உட்காரும் ஒருவரை இந்த மூன்று எண்களை வைத்து எடைபோட்டால் கணக்கு தப்பிவிடும்.

வருகை என்பது அன்றைக்கு வந்ததாகப் பதிவு செய்வது, அவ்வளவே. பதிந்துவிட்டுப் பத்தாவது நிமிடம் கிளம்பினாலும் வருகைதான். கேள்விக் கணக்கு இன்னும் வழுக்கலானது. மக்களவையில் ஒரு நாளுக்கு அமைச்சர் அவையில் வாயால் பதில் சொல்லும் நட்சத்திரக் கேள்விகள் 20, எழுத்தில் மட்டும் பதில் வரும் நட்சத்திரமில்லாத கேள்விகள் 230. ஓர் உறுப்பினர் ஒரு நாளுக்கு 5 நோட்டீஸ் வரை தரலாம். முழுதாக 15 நாள் முன்னதாகத் தர வேண்டும். பட்டியலில் யார் முந்துவது என்பது குலுக்கல். 11 மணிக்குத் தொடங்கும் கேள்வி நேரம் 12 மணிக்கு முடிவதற்குள் 20 கேள்வியையும் எட்டுவது அபூர்வம். எட்டாதவற்றுக்கு எழுத்தில்தான் பதில். பதிலைத் தொடர்ந்து அங்கேயே துணைக்கேள்வி கேட்கும் வாய்ப்பு போய்விடும். அவை அமளியில் ஒத்திவைக்கப்பட்டால் சொல்லவே வேண்டாம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் பெயர்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்குவார்கள். அத்தனை பேர் கணக்கிலும் ஒன்று ஏறும். டெல்லியில் உதவியாளர் எழுதித் தரும் 'நாட்டில் சூரிய மின்சக்தி நிலவரம் என்ன?' போன்ற கேள்விகளும் இதே கணக்கில்தான்.

ஆகவே கேள்வி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கெடிலம் ஆற்றைத் தூர்வாருவது மாநில அரசின் வேலை. அதை அப்படியே கேட்டால் மக்களவைச் செயலகத்திலேயே தள்ளுபடியாகிவிடும். விவரம் தெரிந்தவர் வேறு மாதிரி கேட்பார்: 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலிலும் 2015 வெள்ளத்திலும் அடிபட்ட கடலூர் மாவட்டத்துக்கு வெள்ளத் தடுப்புக் கருத்துரு ஏதும் மத்திய அரசுக்கு வந்துள்ளதா, கேட்ட தொகை எவ்வளவு, விடுவித்தது எவ்வளவு, கோப்பு எந்தக் கட்டத்தில் நிற்கிறது? இதற்கு மத்திய அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் எடுத்த விவகாரம் நிலக்கரி அமைச்சகத்தின் கீழ் நேரடியாகவே வருகிறது. அங்கும் 'நிலம் கொடுத்தவர்களுக்கு வேலை தர நடவடிக்கை எடுக்கப்படுமா?' என்று கேட்டால் 'விதிகளின்படி எடுக்கப்படுகிறது' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். கிராமவாரியாக எடுத்த ஏக்கர், நிரந்தர வேலை பெற்றோர், ஒப்பந்தத்தில் இருப்போர், ஆண்டுவாரியாகத் தருக என்று கேட்டால் அட்டவணை வந்து சேரும். 150 சொல்லுக்குள் இதையெல்லாம் அடைக்க வேண்டும் என்பதால் எழுதுகிறவருக்குத் தொகுதி தெரிந்திருக்க வேண்டும்.

'தகவல் திரட்டப்படுகிறது, அவையின் முன் வைக்கப்படும்' என்று பதில் வந்தால் பலரும் அதோடு விட்டுவிடுகிறார்கள். அந்த வாக்கியம் நாடாளுமன்ற வழக்கப்படி ஓர் உறுதிமொழி. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். கண்காணிக்க அரசு உறுதிமொழிகள் குழு என்றே தனியாக ஒன்று இருக்கிறது. அமைச்சகங்கள் அவகாசம் கேட்டு இழுக்கும், கைவிடக் கோரும். எம்.பி. அதைத் துரத்தினாரா என்பதற்கு உங்கள் பட்டியலில் கட்டமே இல்லை.

தொகுதிப் பிரச்சினையை அவையின் கவனத்துக்குக் கொண்டுவர உதவும் விதி 377 பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 250 சொல், வாரத்துக்கு ஒன்று. அமைச்சகத்தின் பதில் பிறகு எழுத்தில் வரும். விவாதத்தில் பேசும் நேரமோ கட்சியின் பலத்தைப் பொறுத்தது. சிறிய கட்சிக்காரர் சில நிமிடங்களில் மணியடித்து உட்கார வைக்கப்படுவார். பெரிய கட்சியில் பின்வரிசைக்காரரின் முறை வருவதே அரிது. கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி பதவியே போகலாம். அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதா என்றால் விடுதலைக்குப் பின் சட்டமானவை மொத்தம் 14. கடைசியாக ஒன்று சட்டமானது 1970-இல். தி.மு.க.வின் திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர் உரிமை மசோதாவை மாநிலங்களவை 2015-இல் நிறைவேற்றியது. மக்களவையில் அது கரையேறவில்லை.

சத்தமில்லாமல் வேலை நடக்கும் இடம், அமைச்சகங்களின் பணியை ஆராயும் நாடாளுமன்ற நிலைக்குழு. மொத்தம் 24 குழுக்கள், ஒவ்வொன்றிலும் 31 பேர். கூட்டம் மூடிய அறையில் நடப்பதால் பேச்சு வெளியே வராது. ஆனால் குழு அறிக்கையின் பின்னிணைப்பில் கூட்டக் குறிப்பு இருக்கும். யார் வந்தார், யார் வரவில்லை என்பது அதில் தெரியும். அவை வருகையைவிட நான் இதையே நம்புவேன்.

தொகுதி நிதி 'செலவழிக்கப்படவில்லை' என்ற உங்கள் குற்றச்சாட்டுக்கும் ஒரு வார்த்தை. ஆண்டுக்கு 5 கோடி என்பதைக் கடலூரின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்குப் பிரித்தால் தொகுதிக்குச் சுமார் 83 லட்சம். இதில் 15 சதவீதம் பட்டியலினத்தார், 7.5 சதவீதம் பழங்குடியினர் வாழும் பகுதிகளுக்கு. எம்.பி. பரிந்துரைக்க மட்டுமே முடியும். மதிப்பீடு, அனுமதி, டெண்டர் எல்லாம் மாவட்ட நிர்வாகத்திடம். சமுதாயக் கூடம் கட்ட நினைத்த இடம் கோயில் நிலம் என்று தெரிந்தாலோ, மதிப்பீடு பரிந்துரைத் தொகையைத் தாண்டினாலோ கோப்பு நின்றுவிடும். புதுச்சேரி எம்.பி.க்கு இதே 5 கோடியில் காரைக்காலோடு, கேரளக் கரையில் மாஹே, கோதாவரிக் கரையில் ஏனாம் என்று நான்கு பிராந்தியங்கள்.

அடுத்த பட்டியலில் ஒவ்வொருவரின் ஒரு கேள்வியையாவது அமைச்சரின் பதிலோடு முழுசாக அச்சிடுங்கள். மக்களவை இணையதளத்தில் உறுப்பினர் பெயரைக் கொடுத்துத் தேடினால் தேதிவாரியாகக் கிடைக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.