கலீசியாவுக்குப் புறப்படும் முருகேசனுக்கு

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. பெரியவளுக்கு வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். செப்டம்பரில் ஸ்பெயினின் வடமேற்கே கலீசியாவில், சாந்தியாகோ நகரத் தேவாலயத்துக்குப் போகும் புனித நடைபயணம், அதுவும் ஓ செப்ரேய்ரோவிலிருந்து என்று எழுதியிருக்கிறாய். தேவாலயங்களைப் பற்றிச் சொல்ல உனக்கு ஆள் கிடைக்கும். சின்ன அருங்காட்சியகங்களைக் கேட்டாயே, அதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

ஓ செப்ரேய்ரோ ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் உள்ள மலைக் கிராமம். அங்கே பயோசா என்ற பழைய வீடுகள் சில நிற்கின்றன. நீள்வட்டக் கல்சுவர், மேலே ரை என்ற தானியத்தின் வைக்கோலால் வேய்ந்த கூரை. ஒரே கூரைக்கடியில் ஒரு பக்கம் மனிதர், மறுபக்கம் மாடு. சிலவற்றைச் செப்பனிட்டு அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். வழியெல்லாம் மஞ்சள் அம்புக்குறி பார்ப்பாய். அதைத் தீட்டத் தொடங்கிய எலியாஸ் வலீன்யா இந்த ஊர்ப் பங்குத்தந்தைதான். ஊரை மீட்டெடுத்ததிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

உள்ளே போனதும் கலப்பை, மரப்பெட்டி என்று தட்டுமுட்டுச் சாமான்களில் நேரத்தைப் போக்காதே. அண்ணாந்து பார். அடுப்புக்கு நேர் மேலே ஒரு படல் தொங்கும். பொறி கூரைக்கு ஏறாமல் தடுப்பது அதுதான்; செஸ்ட்நட் கொட்டையைப் பரப்பிப் புகையில் உலர்த்துவதும் அதன்மேல்தான். புகைபோக்கி கிடையாது. புகை வைக்கோலுக்குள் புகுந்து மெல்லக் கசிந்து வெளியேறும். போகிற போக்கில் ஈரத்தை உலர்த்தும், கைமரத்தில் கரி படியவைக்கும், பூச்சியை அண்டவிடாது. வீடு அருங்காட்சியகமானதும் தீவிபத்துக்குப் பயந்து முதலில் நிறுத்துவது அந்த அடுப்பைத்தான். பிறகு வடபுறம் பாசி பிடிக்கும், வைக்கோல் உள்ளுக்குள் மக்கும், மரத்தைப் பூச்சி துளைக்கும். குடியிருந்தவர்கள் காலத்தில் அவ்வப்போது ஒட்டுப்போட்டே ஓடிய கூரையை, இப்போது மொத்தமாகப் பிரித்து வேய வேண்டியதாகிறது.

வேய்வதற்கு வைக்கோல் கிடைப்பது அடுத்த தலைவலி. அறுவடை இயந்திரத்தில் போன தாள் நொறுங்கிவிடும், கூரைக்கு ஆகாது. நெட்டையான பழைய ரகத்தைப் பயிரிட்டு, அரிவாளால் அறுத்து, தாள் நசுங்காமல் கதிரை மட்டும் அடித்துத் தானியத்தை உதிர்க்க வேண்டும். தழைச்சத்து உரம் கூடினால் தாள் மென்மையாகிச் சீக்கிரம் மக்கும். சரிவு 45 பாகைக்குக் குறைந்தால் தண்ணீர் வழியாமல் உள்ளே இறங்கும். காட்சிக்கூடத்துக்குச் செலவு செய்கிறவர்கள் ஒரு துண்டு நிலத்தில் ரை விதைக்கவும் பணம் ஒதுக்கலாம் என்பது என் கட்சி.

தண்ணீரால் ஓடும் மாவு ஆலைகளிலும் இதே கதைதான். தெற்கே, போர்ச்சுகல் எல்லையோரம் ஓ ரொசாலில், ஃபொலோன், பிக்கோன் என்ற ஓடைகளின் சரிவில் 60க்கு மேற்பட்ட ஆலைகள் படிப்படியாக இறங்குகின்றன. சக்கரம் படுக்கைவாட்டில் சுழலும். அதன் அச்சு நிலையான அடிக்கல்லைத் துளைத்து மேற்கல்லைச் சுற்றும். மேற்கல்லைத் தொட்டு ஆடும் ஒரு குச்சி தானியப் பெட்டியின் வாயை அதிரவைக்கும், அதனால் மணி சீராக விழும். பார்வையாளருக்காகத் தானியம் போடாமல் ஓட்டிக் காட்டினால் கல்லும் கல்லும் உரசிக் கொத்து மழுங்கும், அடுத்த மாவில் மணல் கலக்கும். ஓட்டாமலே விட்டாலோ, நீரில் ஊறிப் பழகிய மரச்சக்கரம் காய்ந்து வெடிக்கும்.

சாந்தியாகோவுக்கு அப்பால் கடற்கரைக்குப் போனால் கமரீன்யாஸில் சரிகைப் பின்னல் அருங்காட்சியகம் உண்டு. பழைய துண்டுகளை மடித்து வைக்காமல் உருளையில் சுற்றிவைத்தால்தான் இழை அறாது. வெளிச்சமும் 50 லக்ஸைத் தாண்டக்கூடாது. அறை இருட்டாக இருக்கிறதே என்று குறைப்படாதே. பெண்கள் யாராவது தலையணையில் ஊசி குத்திப் பின்னிக்கொண்டிருந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடு.

சாந்தியாகோவிலேயே பொனவால் மடத்தில் கலீசிய மக்கள் அருங்காட்சியகம் இருக்கிறது, 1977இல் திறந்தது. ஒன்றையொன்று சுற்றி ஏறும் மூன்று படிக்கட்டுகளுக்காகவே கூட்டம் வரும். பக்கத்துத் தேவாலயத்தில் கவிஞர் ரொசாலியா தே காஸ்த்ரோவின் கல்லறை. எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஆனால் அதைக் கடைசியில் பார். ஊர்களில் பார்த்துவிட்டு வந்தால்தான் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது எதற்கென்று புரியும்.

திங்கட்கிழமை பெரும்பாலும் மூடியிருக்கும், மதியம் 2 மணிக்கு மேல் ஊரே உறங்கும். பூட்டியிருந்தால் ஊராட்சி அலுவலகத்தில் கேள், சாவி யாரிடம் என்று சொல்லிவிடுவார்கள். மழைச்சட்டையை மறந்துவிடாதே.

அன்புடன்,
சண்முகம்