தீவுக்கோட்டையில் கைகொடுத்த அண்ணனுக்கு நன்றி

போன ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் நாலு பேர் கொள்ளிட முகத்துவாரத்தில் இருக்கும் தீவுக்கோட்டைக்குப் போனோம். 1749-ல் தஞ்சை மன்னர் பிரதாபசிங்கரின் படையோடு சண்டை போட்டு ஆங்கிலேயர் பிடித்த இடம், அந்தத் தாக்குதலில் ராபர்ட் கிளைவும் இருந்தார், இன்று மிஞ்சியிருப்பது இடிபாடுதான், அதையாவது காப்பாற்ற வேண்டும். சரி, விஷயத்துக்கு வருகிறேன். திரும்பும்போது சேற்றில் இறங்கிய நண்பனின் காலைக் கிளிஞ்சல் ஆழமாகக் கிழித்துவிட்டது. வலை இழுத்துக்கொண்டிருந்த நீங்கள் அதை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரில் காயத்தைக் கழுவி, தோள் துண்டைக் கிழித்துக் கட்டி, உங்கள் படகிலேயே பழையாறு வரை கொண்டுவந்து விட்டீர்கள். பணம் நீட்டினால், "மொதல்ல ஊசி போடுங்க தம்பி" என்றீர்கள். பதற்றத்தில் பேர்கூடக் கேட்கவில்லை. ஐந்து தையல், இப்போது நன்றாக நடக்கிறான். ரொம்ப நன்றி அண்ணே!