வேலூர்-1 என்று எழுதினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு நாள் தபாலை மேசையில் பரப்பினாலே நம் புறநகர் வளர்ந்த கதை தெரிந்துவிடும். ஓர் உறையில் 'மனை எண் 47', அடுத்ததில் 'பழைய எண் 12, புதிய எண் 31', இன்னொன்றில் வெறும் வார்டு எண். மாவட்டம் என்ற இடத்தில் இன்னும் 'வட ஆற்காடு' என்று அச்சாகி வருவதும் உண்டு. எல்லாம் ஒரே வீட்டுக்குத்தான்.

சத்துவாச்சாரி, தாராபடவேடு, அல்லாபுரம் எல்லாம் 2011-ல் வேலூர் மாநகராட்சியோடு சேர்ந்த ஊர்கள். வார்டு மாறியது, பலர் வீட்டில் விலாசம் மட்டும் மனை போட்ட நாளில் எழுதியபடியே நிற்கிறது.

அதில் பெரிய தவறு பின்கோடு. வேலூர் என்றாலே 632001 என்று எழுதிவிடுகிறோம். அது தலைமை தபால் நிலையத்துக்கு உரியது. பாகாயம் 632002, காந்தி நகர் 632006, காட்பாடி 632007, சத்துவாச்சாரி 632009. முதல் மூன்று இலக்கம் பையை நம் பக்கம் கொண்டுவரும். பட்டுவாடா செய்யும் நிலையத்தைச் சொல்வது கடைசி மூன்றுதான். அது தப்பினால் கடிதம் வேறு நிலையத்தில் இறங்கி, மறுபடி பிரிக்கப்பட்டு, வேறு பையில் ஏற வேண்டும். ஆதாரில் இந்தத் தவறு இருந்தால் வங்கிக்கும் காப்பீட்டுக்கும் அதுவே நகலாகிப் போகும். ஆதாரில்தான் முதலில் திருத்துங்கள்.

அடுத்தது தெரு. எந்த நகரை எடுத்தாலும் ஒரு முதல் தெரு, ஒரு பிள்ளையார் கோயில் தெரு இருக்கும். ஆகவே கதவு எண், குறுக்குத் தெரு, பிரதான தெரு, நகர் அல்லது ஃபேஸ், பின்கோடு என்ற வரிசையில் எழுத வேண்டும். மாடி வீடானால் எந்த மாடி என்பதும் வேண்டும். தபால்காரர் காலையில் கடிதங்களைத் தெரு வரிசைப்படி அடுக்கிக்கொண்டுதான் கிளம்புவார். பழகியவர் பெயரைப் பார்த்தே கொண்டுவந்து கொடுத்துவிடுவார். அவர் விடுப்பில் போய்ப் புதியவர் வரும் நாளில்தான் நம் விலாசத்தின் லட்சணம் தெரியும். 2025-ல் அஞ்சல் துறை கொண்டுவந்த டிஜிபின், சுமார் 4 மீட்டர் சதுரத்துக்கு ஒரு 10 எழுத்துக் குறியீடு தருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் மேலே கீழே இருக்கும் வீடுகளுக்கு அது ஒன்றேதான்; கதவு எண்ணை விட்டுவிட முடியாது.

வீடு பூட்டியிருந்தால் பதிவு செய்த தபாலுக்குத் தகவல் சீட்டு போட்டுவிட்டுப் போவார்கள். பொதுவாக 7 நாள் நிலையத்தில் வைத்திருந்து திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். சரியான விலாசத்துக்குப் பதிவு செய்த தபாலில் அனுப்பிய அறிவிப்பு, இல்லை என்று நிரூபிக்காதவரை சேர்ந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். செக் திரும்பிய வழக்கில் அறிவிப்பு பெற்ற 15 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும் என்பதால், வாங்காமல் விட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

தபால் பெட்டியை கேட்டுக்கு வெளியே, மார்பு உயரத்தில் மாட்டுங்கள். உள்ளே நாய் இருக்கும் வீட்டில் கடிதம் கேட் இடுக்கில் சொருகப்பட்டு, ஐப்பசி மழையில் கூழாகிவிடும். பெட்டியின் வாய்க்கு மேல் இரண்டு அங்குலம் நீண்ட கூரையும் அடியில் நான்கு சிறு துளைகளும் இருந்தால் உள்ளே தண்ணீர் நிற்காது. தகரம் இரண்டே மழைக்காலத்தில் துருப்பிடிக்கும், பிளாஸ்டிக்கே மேல். கதவு எண்ணைத் தூணில் நான்கு அங்குல உயரத்தில் எழுதுங்கள். சங்குப்பூக் கொடி அதை மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாநகராட்சி செய்ய வேண்டியதும் உண்டு. பல குறுக்குத் தெருக்களில் பெயர்ப்பலகையே இல்லை. இருப்பவற்றின் மேல் கண்ணீர் அஞ்சலி, பூப்புனித நீராட்டு போஸ்டர்கள். தெருவின் இரு முனையிலும் பலகை வேண்டும். கதவு எண் மாற்றும்போதெல்லாம் பழைய எண், புதிய எண் பட்டியலை அந்தப் பகுதித் தபால் நிலையத்துக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும். அடுத்த வரி சீராய்வுக்கு முன்பே இதைச் செய்ய ஆணையர் உத்தரவிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சத்துவாச்சாரி வாசகர்கள்,
வேலூர்-9