மாடித்தோட்டப் புத்தக அலமாரி: ஞாயிறு காலை 10 மணி

எல்லோருக்கும் வணக்கம்.

ஆடிப்பட்டத்துக்கு முதல்முறை விதைக்கப்போகிறவர்கள் இங்கே கேட்கும் கேள்விகளில் பாதிக்கு ஒரு நல்ல தோட்டப் புத்தகத்தில் காரணத்தோடு பதில் இருக்கிறது. போன மாதம் என் தக்காளி இலைகள் சுருண்டதும், சத்து போதவில்லை என்று நினைத்து உரமாகப் போட்டுக்கொண்டிருந்தேன், அப்புறம் புத்தகத்தில் அதே மாதிரி படத்தைப் பார்த்துவிட்டு இலையைத் திருப்பினால் அடியில் அத்தனை வெள்ளை ஈ! அவைதான் இலைச்சுருட்டு வைரஸைப் பரப்புகின்றன, உரம் போட்டு அது தீராது.

அதனால் வரும் ஞாயிறு, கீழே அசோசியேஷன் அறையில் பொது அலமாரி ஒன்று தொடங்குகிறோம்.

1. வீட்டில் படிக்காமல் கிடக்கும் தோட்டப் புத்தகங்களைக் கொண்டுவாருங்கள். மண் கறை, பென்சில் குறிப்பு இருந்தாலும் பரவாயில்லை, "வெண்டை போட்டேன், 5ஆம் நாள் முளைத்தது" என்று யாரோ ஓரத்தில் எழுதிவைத்திருந்தால் அது நமக்குப் பொக்கிஷம்.
2. நம் வெயிலுக்கு எழுதியவை முதலில். குளிர்நாட்டுப் புத்தகத்தின் விதைப்பு மாதங்கள் சென்னைக்குப் பொருந்தாது.
3. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக வெளியீடு யாரிடமாவது இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.
4. ஒருவருக்கு ஒரு புத்தகம், 15 நாள். நோட்டில் எழுதிவிட்டு எடுக்கவும்.

வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் ஃப்ளாட் எண், கொண்டுவரும் புத்தகத்தின் பெயர் இரண்டையும் இங்கேயே போடுங்கள். புத்தகம் இல்லாதவர்களும் வாருங்கள், "வருகிறேன்" என்று மட்டும் போட்டால் போதும்.