ஆண்டறிக்கை 2024–25: வீதிக் குடியிருப்போர் நலச் சங்கம், புதுச்சேரி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். தெருவிளக்கு, கொசு மருந்து வேலைகள் வழக்கம்போல் நடந்தன. இந்த ஆண்டின் பெரிய பிரச்சினை ஹோம்ஸ்டேதான்.

சொந்தக்காரர் குடியிருந்துகொண்டு மாடி அறையை விருந்தினருக்குக் கொடுப்பதில் நமக்கு மறுப்பில்லை. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டமும் அதைத்தான் சொல்கிறது: குடும்பம் அதே வீட்டில் வசிக்க வேண்டும், 6 அறை, 12 படுக்கைக்கு மேல் கூடாது. சொந்தக்காரர் குடியிருக்காமல் முழு வீட்டையும் நாள் வாடகைக்கு விடுவதுதான் புல்வார் எனப்படும் நம் பழைய நகரப் பகுதியைக் காலி செய்கிறது. 4 அறை, அறைக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதத்தில் 8 வெள்ளி, சனி இரவுகள் நிரம்பினாலே 80,000 ரூபாய். எந்தக் குடித்தனக்காரர் அதைக் கொடுக்க முடியும்? 11 மாத ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். குடித்தனம் போனால் பால்காரருக்கும் இஸ்திரி வண்டிக்கும் இங்கே வேலை இல்லை.

தண்ணீர்க் கணக்கு இது. வீட்டுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், தங்கும் விடுதிக்குப் படுக்கைக்கு 180 லிட்டர் என்பது நடைமுறை அளவு. நான்கு பேர் குடும்பத்துக்கு 540 லிட்டர். 12 படுக்கைக்கு 2,160. பழைய இணைப்பு அதற்குத் தாங்காது என்று குழாயிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். பக்கத்து வீட்டில் காற்றுதான் வருகிறது.

அதைவிடக் கவலை தருவது கட்டடம். நம் பழைய வீடுகளின் கூரை மெட்ராஸ் ஒட்டு: மர உத்திரம், சட்டங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாகச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்தவை. அதன்மேல் அறைக்கு அறை குளியலறை வைத்தால் கசிவு உத்திர முனைக்குப் போகும். முனை சுவருக்குள் இருப்பதால் இற்றுப்போவது கண்ணுக்குத் தெரியாது. ஒட்டு தொங்கும்போதுதான் தெரியும். உத்திரத்தைச் சுவரை ஒட்டிய இடத்தில் ஆணியால் குத்திப் பாருங்கள், மெத்தென்று இறங்கினால் உடனே முட்டுக் கொடுக்க வேண்டும். பொதுச்சுவர் என்பதால் பாதிப்பு அடுத்த வீட்டுக்கும் உண்டு. சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் அடைபட்டு, உப்புப் பூத்துப் பெயரும். ஏசி தண்ணீரைச் சுவரோரம் சொட்டவிட்டாலும் இதே கதிதான்.

திண்ணையைக் கண்ணாடி போட்டு அடைப்பதும் பெருகிவிட்டது. 2008-இல் வைசியாள் வீதிப் புனரமைப்புக்கு யுனெஸ்கோ விருது கிடைத்தது திண்ணையும் தாழ்வாரமும் வீடு வீடாகத் தொடரும் தெருவுக்காக. ஒரு வீடு அடைத்தாலும் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கும் தீர்மானம்: சொந்தக்காரர் குடியில்லாத வீட்டுக்கு ஹோம்ஸ்டே பதிவு தரக்கூடாது, மாடியில் குளியலறை கட்டுமுன் கட்டடப் பொறியாளர் சான்று வேண்டும், இரவு 10 மணிக்கு மேலும் தொலைபேசியை எடுக்கும் பொறுப்பாளரின் எண் வாசலில் எழுதப்பட வேண்டும். இதற்கிடையே, விருந்தினர் வைத்திருக்கும் உறுப்பினர்கள், வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்களின் விவரத்தை அதிகாரிகளிடம் தவறாமல் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்