மார்ச் வேண்டாம், கண்ணு

போடி,
23 நவம்பர் 2025

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய திட்டத்தை நேற்று ராத்திரி இரண்டு தடவை படித்தேன். 42 பேர். சனிக்கிழமை காலையில் குரங்கணியிலிருந்து ஏறுவது, இரவு கொழுக்குமலையில் கூடாரம், ஞாயிற்றுக்கிழமை சூரிய உதயம் பார்த்துவிட்டு இறங்குவது. ஆளாளுக்குத் தெரிந்தவர்களிடம் நன்கொடை வாங்கி, மலைக்கிராமப் பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிக்கிற செலவுக்குக் கொடுப்பது. படித்ததும் நெஞ்சு நிறைந்துவிட்டது. உன் பாட்டி ஏலத்தோட்டத்தில் காய் எடுக்க, விடியும் முன்னால் ஜீப்பில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து போடிமெட்டு ஏறியவள். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காதவள். அவள் பேத்தி அதே மலைக்கு இத்தனை பேரைக் கூட்டி வந்து, பிள்ளைகள் படிக்கப் பணம் சேர்க்கிறாள் என்றால் அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பாள்.

அப்புறம்தான் தேதியைக் கவனித்தேன். மார்ச் 7, 8. மகளிர் தினத்தை ஒட்டி என்று எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை.

2018-இல் நீ கல்லூரி விடுதியில் இருந்தாய். போனில் உனக்கு ரொம்பச் சொல்லவில்லை, பரீட்சை நேரம் என்று விட்டுவிட்டேன். குரங்கணித் தீயைப் பற்றி இப்போது சொல்கிறேன். அது மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. அப்போது மலையேறியவர்களில் பலரும் மகளிர் தினத்தை ஒட்டித்தான் வந்திருந்தார்கள். சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து இன்னொரு குழு. சனிக்கிழமை ஏறி, மேலே தங்கி, மறுநாள் இறங்கும்போது காய்ந்த புல்லில் தீ பிடித்துக்கொண்டது. உன் காகிதத்தில் இருக்கிற அதே மலை, அதே இரண்டு நாள், அதே மாதம். அன்றைக்கும் அடுத்து வந்த நாட்களிலுமாக இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் உன் வயதுப் பிள்ளைகள்.

எனக்கு அன்று இரவு ஆஸ்பத்திரியில் டூட்டி. தீக்காயத்தைப் பற்றி வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. உடம்பில் பெரும்பகுதி வெந்தவர்கள்கூட முதல் சில மணி நேரம் தெளிவாகப் பேசுவார்கள். பெயர் சொல்வார்கள், ஊர் சொல்வார்கள், தண்ணீர் கேட்பார்கள். பார்க்கிற சொந்தக்காரர்கள் பிழைத்துவிட்டார்கள் என்றே நினைப்பார்கள். உடம்பிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருக்கும், எவ்வளவு ஏற்றினாலும் பற்றாது, அப்புறம்தான் ஒவ்வொன்றாக நிற்கும். ஒரு பெண் என் கையைப் பார்த்துக்கொண்டே, 'எங்கம்மாகிட்ட கால்லதான் அடின்னு சொல்லுங்க சிஸ்டர்' என்றாள். சரிம்மா என்றேன். அவள் போட்டிருந்த நைலான் பேன்ட் உருகி, எது துணி எது தோல் என்று பிரிக்க முடியாமல் இருந்தது. ஓய்வு பெற்று இத்தனை நாள் ஆகியும் மார்ச் மாதம் வெயில் ஏறும்போதெல்லாம் அந்தக் குரல் எனக்குக் கேட்கும்.

ஹெலிகாப்டர் வந்தது, கமாண்டோக்கள் வந்தார்கள். ஆனால் ராத்திரி இருட்டில் அந்தச் சரிவில் முதலில் இறங்கியவர்கள் குரங்கணிக்காரர்களும் தோட்டத்து ஆட்களும்தான். போர்வையைக் கம்பில் கட்டி டோலியாக்கித் தூக்கி வந்தார்கள். நீ பணம் திரட்டப் போவது அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு. அதை உன் குழுவில் எல்லோருக்கும் சொல்.

நீ வரக்கூடாது என்பதற்காக இதையெல்லாம் எழுதவில்லை. நீ வர வேண்டும். மார்ச்சில் மட்டும் வேண்டாம்.

காரணத்தைச் சொல்கிறேன், உன் நண்பர்களுக்கும் விளக்க வசதியாக இருக்கும். நம் பக்கத்து மலைக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் பெரிய மழை. தை முடிய ஈரம் இருக்கும். மாசி பிறந்தால் ஆளுயரப் புல் வைக்கோலாகிவிடும். தீ சமவெளியில் ஓடுவதைவிட மேட்டில் வேகமாக ஏறும். கீழே எரிகிற சூடு மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடுகிறது. பகலில் காற்றும் பள்ளத்திலிருந்து மேட்டைப் பார்த்துத்தான் வீசும். மேலே ஏறித் தப்பிக்கலாம் என்று ஓடுகிறவரைத் தீ முந்திவிடும். பக்கவாட்டில் ஒதுங்கி, பாறை வெளிக்கோ ஏற்கெனவே எரிந்து கறுத்துப்போன இடத்துக்கோ போய்விட வேண்டும். புதர் மண்டிய ஓடைப் பள்ளத்தில் இறங்கவே கூடாது, அது புகைபோக்கி மாதிரி இழுக்கும். இதெல்லாம் தெரிந்திருப்பது நல்லது. ஆனால் தெரிந்திருப்பதை நம்பி மாசி பங்குனியில் மலையேறக் கூடாது.

எப்படியும் அந்தத் தேதியில் உங்களுக்கு அனுமதி கிடைக்கும் என்று தோன்றவில்லை. அந்தத் தீக்குப் பிறகு 2018-லேயே மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் போட்டார்கள். 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தது. இணையத்தில் பதிவு செய்து பணம் கட்டினால் வழிகாட்டியோடுதான் அனுப்புவார்கள். இந்த ஆண்டு பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை, காட்டுத்தீக் காலம் என்று அத்தனை பாதைகளையும் மூடி வைத்திருந்தார்கள். அந்த 40-இல் குரங்கணி–சாம்பலாறு பாதையும் இருக்கிறது. கொழுக்குமலையை விட்டுவிட்டு இதை எடுத்துக்கொள். வழிகாட்டிகள் மலையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள், பயிற்சி கொடுத்து வைத்திருக்கிறார்கள். நீ கட்டுகிற கட்டணத்தில் அவர்களுக்கும் பிழைப்பு இருக்கிறது. அதுவும் உன் நோக்கத்தில் சேர்ந்ததுதானே? எந்தப் பாதைக்கு அனுமதியோ அந்தப் பாதையை விட்டு ஓர் அடிகூட விலகாதீர்கள். ஏதாவது நடந்தால் தேடி வருகிறவர்கள் அங்கேதான் தேடுவார்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். உன் நன்கொடைப் படிவத்தில் ஒரு வரி இருக்கிறது: 'ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு, உச்சியைத் தொட்டால் மீதித் தொகை.' அந்த வரியை எடுத்துவிடு, கண்ணு. கேட்கிறவர்களுக்கு அது உற்சாகமாக இருக்கலாம். மலையில் அது என்ன செய்யும் என்று யோசித்துப் பார். முட்டி வலிக்கிற பெண் வாய் திறக்க மாட்டாள். மூச்சு வாங்குகிறவர், நாம் நின்றால் பிள்ளைகளுக்குப் பணம் போய்விடுமே என்று இன்னும் நூறு அடி நடப்பார். மேகம் கறுத்து வருவதை நீ பார்ப்பாய், ஆனால் இத்தனை பேர் இத்தனை பேரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார்களே என்று உன் வாயிலும் 'திரும்பலாம்' என்ற சொல் வராது. நல்ல காரியத்துக்காக என்று கிளம்புகிறவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். சும்மா ஊர் சுற்ற வந்தவர்கள் கால் வலித்தால் உட்கார்ந்துவிடுவார்கள்.

பணத்தை முன்னாலேயே வாங்கிவிடு. நடக்கிற நாளுக்கு ஒரு வாரம் முன்பே விடுதிக்குக் கட்டிவிட்டு, ரசீதை எல்லோருக்கும் அனுப்பு. அப்புறம் மலையில் யாருக்கும் கடன் இருக்காது. அரை கிலோமீட்டர் நடந்து திரும்பினாலும் பிள்ளைகளுக்குப் போக வேண்டியது போய்ச் சேர்ந்திருக்கும்.

உன் தாத்தா பொதி குதிரையில் சாமான் ஏற்றிக்கொண்டு குரங்கணியிலிருந்து, மேலே மலையில் இருக்கிற சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற ஊருக்குப் போய் வருவார். நான் நான்காவது படிக்கும்போது ஒரு நாள், மத்தியானமே குதிரையோடு வீட்டுக்கு வந்துவிட்டார். மூட்டை இறக்காமல் அப்படியே இருந்தது. 'எதிர் மலையில் புகை' என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அந்த வாரக் கூலியில் பிடித்துக்கொண்டார்கள். உன் பாட்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று தீ அந்தப் பக்கம் வந்ததா வரவில்லையா என்றுகூட எனக்கு நினைவில்லை. தாத்தா அதை அப்புறம் விசாரித்ததும் இல்லை.

உங்கள் குழுவில் தாத்தா மாதிரி 'திரும்பலாம்' என்று சொல்கிறவர் யார் என்று கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள். வழிகாட்டி சொன்னால் மறுபேச்சு இல்லை. உங்களுக்குள்ளும் ஒருவர் இருக்க வேண்டும், அவர் அலுவலகத்தில் பெரிய பதவியில் இருக்கிறவராக இருக்க வேண்டியதில்லை. மத்தியானம் இத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவது என்று ஒரு நேரத்தையும் முதலிலேயே சொல்லிவிடு.

42 பேர் ஒரே வரிசையில் போவதும் வேண்டாம். ஒற்றையடிப் பாதையில் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவில் அரை மைல் விழுந்துவிடும். முன்னால் போகிறவர்கள் நின்று இளைப்பாறி முடிக்கும்போதுதான் பின்னால் இருப்பவர்கள் வந்து சேர்வார்கள், உடனே கிளம்பிவிடுவார்கள். ஓய்வு தேவைப்படுகிறவருக்கு ஓய்வே கிடைக்காது. பத்துப் பத்துப் பேராகப் பிரித்து வேறு வேறு நேரத்தில், முடிந்தால் வேறு நாளில் பதிவு செய். மெதுவாக நடக்கிறவர் முன்னால், நன்றாக நடக்கிறவர் கடைசியில்.

கூடாரம் பற்றிச் சொல்ல வேண்டும். மேலே கூடாரம் வேண்டாம். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் கூடாரத்தில் தங்கியிருந்த ஓர் இளம்பெண்ணை யானை கொன்றுவிட்டது, நீயும் படித்திருப்பாய். துணிச் சுவர் எதையும் தடுக்காது. மலையடிவாரத்தில், முந்தலில் மாமாவின் மாந்தோப்பு இருக்கிறதே, அங்கே போட்டுக்கொள்ளலாம் என்று நேற்றே மாமாவிடம் பேசிவிட்டேன். கிணறு இருக்கிறது, இரண்டு கழிப்பறை இருக்கிறது, பெண் பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயம். பதிவு இரண்டு நாளாகப் பிரிந்தால் நடக்காத நாளில் தோப்பிலேயே இருந்துகொள்ளலாம். ராத்திரி உட்கார்ந்து பேச நிறைய இடம் உண்டு. உன் நண்பர்களுக்கு அந்தக் காலத்துக் கம்பிப் பாதையைப் பற்றிச் சொல். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ரயில் ஓடியது, அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பியில் தொங்கிக்கொண்டே குரங்கணிக்கு இறங்கின, போடி வழியாகத் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேறின. 1924 வெள்ளத்தில் அந்த ரயில் பாதை அடித்துக்கொண்டு போய்விட்டது. சென்னைக்காரர்கள் யாரும் நம்ப மாட்டார்கள்.

தோப்பிலும் தீ மூட்ட வேண்டாம். சாப்பாடு நான் வீட்டில் செய்து மாமா ஜீப்பில் அனுப்புகிறேன். மலையில் பீடி சிகரெட் ஒருவர்கூட வைத்திருக்கக் கூடாது, தீப்பெட்டி உட்பட.

ஆஸ்பத்திரிக்காரி என்ற முறையில் சில விஷயங்கள். ஆஸ்துமா, வலிப்பு, சர்க்கரை, இதயக் கோளாறு, கர்ப்பம் இருந்தால் உன்னிடம் தனியாகச் சொல்லச் சொல், பொதுக் குழுவில் கேட்காதே, யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். இன்ஹேலர் அவரவர் சட்டைப் பையில் இருக்கட்டும், ஜீப்பில் விட்டுவிட்டு வராதீர்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டில் எழுதியிருக்கிற அளவு தண்ணீரைச் சரியாக அளந்து கலக்க வேண்டும், கெட்டியாகக் கலந்தால் கெடுதல். புதுச் செருப்பு, புது ஷூ வேண்டாம், ஒரு மாதமாவது போட்டுப் பழகியதாக இருக்கட்டும். கால் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வாருங்கள், இறக்கத்தில்தான் நகம் பெயரும். அட்டை கடித்தால் பயப்பட வேண்டாம், நகத்தால் ஓரமாகத் தள்ளிவிட்டுத் துடைத்தால் போதும். ரத்தம் கொஞ்ச நேரம் ஒழுகும், அவ்வளவுதான்.

ஜனவரி 10, 11 சனி ஞாயிறாக வருகிறது. பொங்கலுக்கு முந்தின வாரம், ஊரும் கலகலவென்று இருக்கும், புல்லிலும் பச்சை இருக்கும். சென்னையிலிருந்து போடிக்கே ரயில் வந்துவிட்டதால் பஸ் மாற வேண்டியதில்லை, ஆனால் பொங்கல் நெரிசலுக்கு முன்னால் டிக்கெட் போட்டுவிடு. அந்தத் தேதியில் பாதைக்கு இடம் கிடைக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம் மற்றவர்களிடம் சொல்.

என் பழைய பருத்திச் சேலைகளில் மூன்றைத் துவைத்து, முக்கோணமாக வெட்டி மடித்து வைத்திருக்கிறேன். கை பிசகினால் தொங்கவிட, கணுக்கால் சுளுக்கினால் கட்ட. குழுவுக்கு இரண்டு வீதம் வரும். கத்தரித்து முடிக்கும்போது விடிந்துவிட்டது. எத்தனை பேர் உறுதி என்று புதன்கிழமைக்குள் சொல், புளி இப்போதே வாங்கினால்தான் விலை கட்டும்.

அம்மா