மாப்பிள்ளை கலந்ததில் தப்பில்லை

அன்புள்ள சிவா,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பல் முளைத்துவிட்டது, உன் முழங்கால் இப்போது பரவாயில்லை என்ற இரண்டு நல்ல சேதிகளையும் கடைசியில் ஓர் ஓரமாக எழுதியிருக்கிறாய். மிச்சம் முழுவதும் அந்த மார்டினி காக்டெய்லைப் பற்றித்தான்! மாப்பிள்ளை வீட்டுக்கு வந்த இடத்தில், ஆசையாகக் கலந்து கொடுத்ததை ஒரு வாய் குடித்துவிட்டு "இது மார்டினியே இல்லை" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னாயாம். போதாததற்கு என்னிடம் தீர்ப்பும் கேட்கிறாய். நான் உன் பக்கம்தான் பேசுவேன் என்று எந்த தைரியத்தில் கேட்டாயோ தெரியவில்லை.

என் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்தும் முடிந்து படிக்க ஆரம்பித்துவிட்டேன். அதனால் உன் கிறுக்கல் கையெழுத்தைக்கூட இந்த முறை தடங்கல் இல்லாமல் படித்தேன். பிரஷர் வந்தபிறகு குடிப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. எப்போதாவது ஒரு கிளாஸ், அவ்வளவுதான். குறைவாகக் குடிப்பவனுக்குத்தான் அது எப்படி இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் அதிகம். ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நீ சொல்வது இதுதானே? மார்டினி என்றால் ஜின், அந்த ஜூனிப்பர் காய் மணக்கும் சரக்கு. அதை ஐஸோடு போட்டு நன்றாகக் குலுக்க வேண்டும். மூலிகை ஊறிய ஒயினான வெர்மூத்தின் பாட்டிலைப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டினாலே போதும். மாப்பிள்ளையோ மூன்று பங்கு ஜின்னுக்கு ஒரு பங்கு வெர்மூத் ஊற்றினார், குலுக்காமல் கரண்டியால் கலக்கினார், ஆலிவ் போடாமல் எலுமிச்சைத் தோலைப் பிழிந்தார். மூன்றும் குற்றம் என்கிறாய். "அந்தக் காலத்து அசல் மார்டினி தெரியாத பையன்" என்று ஒரு வரி வேறு.

சரி, அந்தக் காலத்துக்கே போவோம். 1888-இல் ஹாரி ஜான்சன் வெளியிட்ட பார்டெண்டர் கையேட்டில் மார்டினி என்ற பெயரிலேயே ஒரு செய்முறை இருக்கிறது. அதில் ஓல்ட் டாம் என்ற இனிப்பான ஜின்னும் வெர்மூத்தும் சரிபாதி. அதோடு சர்க்கரைப் பாகு, பிட்டர்ஸ் என்ற கசப்பு மூலிகைச் சாறு, ஆரஞ்சு மணமுள்ள க்யூராசோ மதுவும் கொஞ்சம். இன்றைக்கு அதைக் கலந்து கொடுத்தால் நீ கிளாஸைத் தூக்கி எறிவாய். (நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் ஹோட்டலில் 1911 வாக்கில் மார்டினி என்ற இத்தாலிய பார்டெண்டர்தான் இதைக் கண்டுபிடித்தார் என்று நீ எழுதியதும் இதனாலேயே அடிபட்டுப் போகிறது. அந்த ஹோட்டல் திறந்ததே 1906-இல்.) 1930-இல் வந்த லண்டன் சவாய் ஹோட்டலின் காக்டெய்ல் புத்தகத்தில் 'டிரை' மார்டினிக்கே இரண்டு பங்கு ஜின், ஒரு பங்கு பிரெஞ்சு வெர்மூத். மாப்பிள்ளை ஊற்றியதைவிட அதில் வெர்மூத் அதிகம். பழமையை வைத்து வழக்காடினால், வழக்கில் ஜெயிப்பது அவர்தான்.

வெர்மூத்தைக் குறைத்துக்கொண்டே போகும், நீ சொல்லும் வறண்ட மார்டினி அதற்கெல்லாம் பின்னால் ஏறிக்கொண்டே போன ஒரு போட்டி. அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே, பதினைந்து பங்கு ஜின்னுக்கு ஒரு பங்கு வெர்மூத், அதாவது 15-க்கு 1 என்ற அளவுக்கு மான்ட்கோமரி என்று பேர் சூட்டி எழுதினார். எதிரியைவிடப் பதினைந்து மடங்கு ஆள்பலம் இல்லாமல் பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரி சண்டைக்கு இறங்கமாட்டார் என்ற கிண்டல் அது. 1966-இல் அமெரிக்கத் தர நிர்ணயச் சங்கம் வேடிக்கைக்காக டிரை மார்டினிக்கு ஒரு தரக்கட்டுப்பாட்டு அறிக்கையே வெளியிட்டு, 16-க்கு 1-க்குக் கீழே போகக்கூடாது என்று விதி போட்டது. திரைப்பட இயக்குநர் லூயி புன்யுவெல் இன்னும் ஒரு படி மேலே: வெர்மூத் பாட்டிலுக்குள் புகுந்து வரும் ஒரு சூரியக் கதிர் ஜின்னில் பட்டால் போதும் என்ற பேச்சை ரசித்துச் சொல்வார். ஆனால் நீ கவனிக்காத ஒன்று, அதே மனிதர் தனக்குக் கலக்கும்போது நல்ல நுவாலி பிராட் வெர்மூத்தைச் சில சொட்டு ஐஸின்மேல் விட்டு, வடித்துவிட்டு, அந்த மணம் ஒட்டிய ஐஸில்தான் ஜின்னை ஊற்றினார். பேச்சு வேறு, கை வேறு.

சாட்சிக்குச் சர்ச்சிலை இழுக்காதே. வெர்மூத்துக்குப் பதிலாகப் பிரான்ஸ் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஜின்னைக் குடிப்பார் என்பதெல்லாம் பார் மேடையில் சுற்றிவரும் கதை. மனிதர் குடித்தது பெரும்பாலும் ஷாம்பெயினும் தண்ணீர் மிகுந்த விஸ்கியும்தான். தலைவர்கள்தான் சாட்சி வேண்டுமென்றால் எனக்கு ரூஸ்வெல்ட் இருக்கிறார். 1943-இல் டெஹ்ரான் மாநாட்டில் அவரே கலந்து ஸ்டாலினுக்குக் கொடுத்தார், அதில் வெர்மூத்தைத் தாராளமாக ஊற்றினார் என்று பக்கத்திலிருந்த மொழிபெயர்ப்பாளர் எழுதிவைத்திருக்கிறார். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, பரவாயில்லை, ஆனால் வயிற்றில் சில்லென்று இருக்கிறது என்றாராம் ஸ்டாலின்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். வெர்மூத்தின்மேல் உனக்கு ஏன் இவ்வளவு வெறுப்பு என்று யோசித்துப் பார்த்தேன். போன தடவை உன் வீட்டு அலமாரியில் பார்த்த பாட்டில் ஞாபகம் வந்தது. பாதிக்குமேல் காலி, மூடியைச் சுற்றிப் பிசுக்கு, உள்ளே இருந்தது வெளிர் மஞ்சளாக இல்லாமல் தேன் நிறத்துக்கு வந்திருந்தது. ஜின்னை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் அலமாரியில் வைக்கலாம், ஒன்றும் ஆகாது. வெர்மூத் அப்படி இல்லை. அது அடிப்படையில் திராட்சை ஒயின். மூலிகைகளையும் பட்டைகளையும் ஊறவைத்து, கொஞ்சம் ஸ்பிரிட் சேர்த்து 16, 18 சதவீதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். மூடியைத் திறந்த நாளிலிருந்து காற்றுப் பட்டுப் பட்டு மட்கத் தொடங்கும். முதலில் மேல் மணம் போகும், அப்புறம் காய்ந்த ஆப்பிள் வாடை, கடைசியில் புளித்த வாசனை. ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு மாதம், ஒன்றரை மாதம் தாங்கும். அலமாரியில் வைத்தால் அதுவும் இல்லை.

கெட்டுப்போன வெர்மூத்தைக் கொஞ்சம் ஊற்றினாலும் மார்டினி கெடும். அதனால் குறைத்தாய், இன்னும் குறைத்தாய், கடைசியில் பாட்டிலைக் காட்டினால் போதும் என்ற இடத்துக்கு வந்து நின்றாய். குறைக்கக் குறைக்க ஒரு பாட்டில் தீர வருஷக்கணக்காகிறது, வருஷம் ஆக ஆக அது இன்னும் கெடுகிறது. உன் கொள்கை முழுக்க இந்தச் சுழலில் பிறந்ததுதான் என்பது என் தீர்மானம். மாப்பிள்ளை வரும்போது கையோடு புது பாட்டில், அதுவும் 375 மில்லி அரை பாட்டில் வாங்கி வந்தார் என்று நீயே எழுதியிருக்கிறாய். அதை அவருடைய கஞ்சத்தனம் என்று எடுத்துக்கொண்டாய் பார், அங்கேதான் உன்னைப் பார்த்துச் சிரித்தேன். விவரம் தெரிந்தவர்கள் அரை பாட்டில்தான் வாங்குவார்கள்.

அடுத்தது, குலுக்குவதா கலக்குவதா. ஜேம்ஸ் பாண்டை நம்பி இத்தனை வருஷம் குலுக்கிவிட்டாய். குலுக்கினால் ஜின்னுக்கு 'அடிபட்டு' மணம் போய்விடும் என்று எதிர்த்தரப்பு சொல்வதையும் நான் ஏற்கமாட்டேன், அது சும்மா பேச்சு. குலுக்கினால் நடப்பது வேறு. ஐஸ் ஒன்றோடொன்று மோதி நொறுங்கும், துணுக்குகள் வடிகட்டியையும் தாண்டி வரும், காற்றுக் குமிழிகள் நிறைந்து கலங்கலாக இருக்கும். பழச்சாறு, முட்டை வெள்ளை, பால் சேரும் காக்டெய்லுக்கு அந்த நுரை வேண்டும். மார்டினியில் இருப்பது எல்லாம் தெளிந்த சரக்கு. அது நாக்கில் கனமாக, வழவழப்பாக இறங்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு விநாடி குலுக்கினாலே உச்சக் குளிர்ச்சி வந்துவிடும், கரண்டியால் என்றால் முக்கால் நிமிடமாவது சுற்ற வேண்டும், உண்மைதான். ஆனால் நீயும் நானும் எங்கே ஓடப்போகிறோம்?

"கலக்கினால் தண்ணீர் விட்டுக்கொள்கிறது" என்று ஒரு குறை சொல்லியிருக்கிறாய். குலுக்கினால் விடாதா? இதைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம், நீ கணக்கில் புலி. ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கு 80 கலோரி வெப்பம் வேண்டும். 60 மில்லி ஜின், 20 மில்லி வெர்மூத், ஆக 80 மில்லி. அறை வெப்பத்திலிருந்து பூஜ்ஜியத்துக்குக் கீழே இரண்டு மூன்று டிகிரி வரை அதை இறக்க ஏறக்குறைய 2000 கலோரியை எடுக்க வேண்டும். அப்படியானால் 25 கிராம் ஐஸ் உருகியே ஆக வேண்டும். அதாவது 25 மில்லி தண்ணீர். எந்த முறையில் செய்தாலும் குளிர்ச்சிக்கு ஐஸ் கொடுக்கும் விலை அதுதான். ஐஸ்கிரீம் கடையும்போது ஐஸில் உப்புப் போடுவோமே, அந்த மாதிரி ஆல்கஹால் இருப்பதால்தான் பூஜ்ஜியத்துக்கும் கீழே போகிறது.

அந்தத் தண்ணீர் கலப்படமும் இல்லை, மூன்றாவது சரக்கு அது. 40 சதவீத ஜின்னும் வெர்மூத்தும் சேர்ந்து தண்ணீர் இல்லாமல் 34, 35 சதவீதம் வரும். தண்ணீர் சேர்ந்தபின் 26-க்கு இறங்கும். அந்த இடத்தில்தான் தொண்டை எரியாமல் ஜூனிப்பர் மணம் மூக்குக்கு ஏறுகிறது. ஜின்னையும் கிளாஸையும் ஃப்ரீசரில் வைத்துவிட்டு ஐஸே இல்லாமல் ஊற்றும் முறையும் இருக்கிறது. லண்டன் டியூக்ஸ் ஹோட்டல் பாரில் அப்படித்தான் தருகிறார்கள். வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18-இலும் ஜின் உறையாது, எண்ணெய் மாதிரி கெட்டியாகும். பார்க்க அழகு. ஆனால் அது கிட்டத்தட்ட ராவாக அடிப்பதுதான், அந்த பாரிலேயே ஓர் ஆளுக்கு இரண்டுக்கு மேல் தருவதில்லை. வீட்டில் அப்படிச் செய்வதானால் பாட்டிலிலேயே கொஞ்சம் தண்ணீரைக் கலந்துவைத்துக்கொள், நம் வயதுக்கு அதுதான் சரி.

ஆலிவ் விஷயத்தில் மட்டும் உன்னை முழுக்க விட்டுக்கொடுக்க மனசில்லை. எலுமிச்சைத் தோலை மேலே பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினால் எண்ணெய்த் துளிகள் மேற்பரப்பில் படர்வதைப் பார்க்கலாம், மூக்கைக் கொண்டுபோனாலே மணம். வெர்மூத் தாராளமாக இருந்தால் அதுதான் பொருத்தம். உன்னைப் போல வறட்டு மார்டினி குடிப்பவனுக்கு ஆலிவின் உப்பு உதவும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜாடியிலிருந்து எடுத்ததை அப்படியே போடாதே, உப்புத் தண்ணீரை வடித்துக் குளிரவைத்துப் போடு. சூடான ஆலிவ் மார்டினியைக் கெடுப்பதற்கென்றே பிறந்தது.

கிளாஸ் சின்னதாக இருக்கட்டும். நீ வைத்திருக்கும் பெரிய புனல் கிளாஸில் ஊற்றினால் பாதி குடிப்பதற்குள் சூடாகிவிடும், அதற்கப்புறம் எந்தக் கட்சி ஜெயித்தாலும் பிரயோஜனமில்லை. வோட்காவைப் பற்றி நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நான் செய்வது: ஜின் 60, வெர்மூத் 15 மில்லி. சில நாள் 20. ஆரஞ்சு பிட்டர்ஸ் ஒரு சொட்டு, அந்தக் காலத்தில் எல்லோரும் விட்டதுதான், இடையில் வழக்கொழிந்துவிட்டது. பெரிய ஐஸ் கட்டி, நீண்ட கரண்டி, எலுமிச்சைத் தோல். சர்வதேச பார்டெண்டர் சங்கம் 60-க்கு 10 என்கிறது, அவர்களோடும் எனக்குத் தகராறு இல்லை. 15-க்கு 1 என்பவர்களோடுதான் தகராறு. அவர்கள் குளிர்ந்த ஜின் குடிக்கட்டும், நானும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் மாப்பிள்ளை கையில் இருப்பது மார்டினி இல்லை என்று சொல்லும் உரிமை அவர்களுக்குக் கிடையாது.

நம்ப மாட்டாய் என்று தெரியும். அதனால் ஒரு காரியம் செய். புது வெர்மூத் வாங்கு, திறந்தவுடன் ஃப்ரிட்ஜில் வை. மாப்பிள்ளை அடுத்த முறை வரும்போது உன்னுடையது ஒன்று, அவருடையது ஒன்று, இரண்டையும் தங்கச்சி அடுக்களையில் வைத்து ஒரே மாதிரி கிளாஸில் ஊற்றிக் கொண்டுவரட்டும். எது யாருடையது என்று சொல்லக்கூடாது. இரண்டையும் கரண்டியாலேயே கலக்கச் சொல், இல்லாவிட்டால் கலங்கலைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாய். எதைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாய் என்று தங்கச்சி எனக்கு எழுதட்டும். நீ எழுதினால் நம்பமாட்டேன்.

தாமு மகனோடு போய் இருக்கிறான். அங்கே தனியாக ஓர் அறை, ஜன்னல் பக்கம் நாற்காலி, பேச்சுத்துணைக்குத்தான் ஆள் இல்லை என்று போனில் புலம்பினான். இரண்டு வரி எழுதிப் போடு அவனுக்கு, சந்தோஷப்படுவான். பேத்தியின் படம் ஒன்று அனுப்பு.

அன்புடன்,
ரகு

பி.கு.: ஆலிவுக்குப் பதில் ஊறுகாய் வெங்காயம் போடலாமா என்று ஓரத்தில் கேட்டிருந்தாய். போடலாம், அதற்கு கிப்சன் என்று தனிப் பேர் இருக்கிறது. மாப்பிள்ளையிடம் மட்டும் இப்போதைக்கு அந்தப் பேச்சை எடுக்காதே.